எல்லையின் வரலாற்றை இரு புறத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பதிவு செய்யட்டும்

1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் படை பொதுமக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. சமஸ்தானக் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான என்.கே. பத்மநாப பிள்ளை கைதானதைக் கண்டித்துத் திரண்ட கூட்டம் அது. அதில் உயிரிழந்த வீரராகவனின் பெயரை நெய்யாற்றின்கரைப் பிள்ளைகள் அறிவார்கள். 1954 ஆகஸ்டு 11 அன்று புதுக்கடையிலும், இன்று மார்த்தாண்டம் என்று அழைக்கப்படும் தொடுவெட்டியிலும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலப் போலீஸ் சுட்டது. தமிழர் வாழும் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய நாள் அது. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த நாள் தெரியும்.

நெய்யாற்றின்கரைக்கும் புதுக்கடைக்கும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத் தூரம்தான். இரண்டு சம்பவங்களும் நடந்தபோது இரண்டு ஊர்களும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. ஆனாலும் நெய்யாற்றின்கரையில் 1938-ஐச் சொல்லும் பிள்ளைக்கு 1954 தெரியாது. புதுக்கடையில் 1954-ஐச் சொல்லும் பிள்ளைக்கு 1938 தெரியாது. இடையில் 1956 நவம்பர் 1 வந்துவிட்டது. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர்கள் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. பாடப்புத்தகங்கள் நினைவையும் பிரித்துவிட்டன.

நான் இந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். வீடு பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையில். வீட்டில் தமிழ், வகுப்பறையில் மலையாளம், சந்தையில் இரண்டும் என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். இப்போது சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, செல்போனையும் நூலகக் கணினியையும் வைத்து ஊர் வரலாற்றைப் பதிவு செய்யப் பழக்குகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லைக் கிராமத்துப் பிள்ளைகள் செய்யும் முதல் டிஜிட்டல் வரலாற்றுப் பணி சிறியதாக, ஒரு மனிதக் குரலில் தொடங்குவதாக, எல்லையின் இரு புறத்தையும் ஒன்றாகப் பார்ப்பதாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு மாநிலக் கல்வித் துறைகளும் வழிவிட வேண்டும்.

வசதி இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. கேரளப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பணிகளை நடத்தும் 'கைட்' நிறுவனம் 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களைத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதில் அனிமேஷன், நிரல் எழுதுதல், கேமரா, ஒலி-ஒளித் தொகுப்பு எல்லாம் கற்கிறார்கள். அத்தனையும் விலையில்லா மென்பொருளில். அதற்கும் முன்பே, 2009-இல், 'ஸ்கூல்விக்கி' வந்துவிட்டது. கேரளத்தின் ஒவ்வொரு பள்ளிக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. பள்ளியின் வரலாறு, ஊரின் கதை, நாட்டுப்புற வழக்குகள் ஆகியவற்றைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதில் எழுதலாம். விக்கிப்பீடியா இயங்கும் அதே மென்பொருள்தான். சமூக அறிவியல் மேளாவில் வட்டார வரலாறு எழுதுவதற்கென்றே ஒரு போட்டி இருக்கிறது. பள்ளிப் பிள்ளை தன் ஊர் வரலாற்றை எழுதலாம் என்று ஒரு மாநிலமே ஒப்புக்கொண்டு மேடை போட்டுத் தந்திருப்பது பெரிய காரியம்.

அந்த மேடையில் பிள்ளைகள் எதை ஏற்றுகிறார்கள் என்பதுதான் என் கவலை. பெரும்பாலும் ஐந்து நிமிட வீடியோ. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலாவு, அந்தப் பலாமரப் பொந்தில் மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்த கதை, 1888-இல் நாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம், செங்கல் ஊரில் எழுந்திருக்கும் பெரிய சிவலிங்கம், ஒரு ட்ரோன் காட்சி, பின்னால் சினிமாப் பாட்டு. சொல்லப்படும் செய்தி இணையத்தில் முன்பே இருப்பது. அண்மைக் காலமாக ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய பழுப்பு நிறப் படத்தைப் 'பழைய புகைப்படம்' என்று போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும் அடுத்த பள்ளிப் பிள்ளை அதைச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. அழகான வீடியோ வந்துவிடுகிறது, ஊர் மட்டும் அதில் இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தொகுக்கும் கருவியைக் கையில் கொடுத்த நாம், சான்று என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் எங்கள் நூலகத்தில் முதல் பாடத்தில் கேமரா கிடையாது. ஒரு மனிதர், ஒரு பொருள், ஒரு தாள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வரச் சொல்வேன். அதைப் பற்றி அரைப் பக்கமும் மூன்று நிமிட ஒலிப்பதிவும். அதற்கு மேல் வேண்டாம்.

ஊரம்பு பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1954-இல் சிறு பையன். அப்பாவோடு கருப்பட்டி விற்கப் புதுக்கடைக்குப் போயிருக்கிறார். அவரிடம் பிள்ளைகள் போனபோது நானும் கூட இருந்தேன். "வெடிச் சத்தம் கேட்டீங்களா பாட்டா?" என்று ஒரு பையன் எடுத்த எடுப்பிலேயே கேட்டான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெடிச் சத்தம் எனக்கு ஓர்மையில்ல மக்ளே. கடவத்தப் போட்டுட்டு எங்கப்பா என்னத் தூக்கிட்டு ஓடுனதுதான் ஓர்மை. கருப்பட்டி மொத்தமும் போச்சி. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது கடவம் எங்கேன்னுதான். அன்னைக்கு ராத்திரி வீட்டுல விளக்கு கொளுத்தல்ல" என்றார்.

திரும்பி வந்து தொகுக்க உட்கார்ந்தபோது, அந்தப் பையன் கடவத்தை வெட்டிவிட நினைத்தான். "டீச்சர், கடவம் தொலைஞ்சதெல்லாம் வரலாறா? போராட்டத்தப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலியே" என்றான். நான் அவனை வெட்ட விடவில்லை. போராட்டக் கோரிக்கையும் தலைவர் நேசமணியின் பேச்சும், அன்றைய முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை மீது எழுந்த கண்டனமும் அச்சில் இருக்கின்றன. எந்த நூலகத்திலும் தேடலாம். ஒரு நாள் வியாபாரமும் ஒரு பனையோலைக் கடவமும் போன வீட்டில் இரவு விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்த பயம் எந்த அறிக்கையிலும் இல்லை. அது அந்தப் பெரியவரின் குரலில் மட்டுமே இருக்கிறது. பிள்ளை செய்ய வேண்டிய வேலை அதைக் காப்பாற்றுவது.

குரலைப் பதிவு செய்வதில் சில எளிய முறைகள் உண்டு, யாரும் கற்றுக்கொள்ளலாம். செல்போனை மேசைமேல் வெறுமனே வைத்தால் மேசை அதிர்வும் சேர்ந்து வரும். மடித்த துவர்த்துத் துண்டின் மேல் வைத்துப் பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்தில் நிறுத்த வேண்டும். மின்விசிறியை அணைக்க வேண்டும். போனை விமானப் பயன்முறையில் போட வேண்டும். இல்லாவிட்டால் முக்கியமான இடத்தில் அழைப்பு வந்து நிற்கும். தொடங்கும்போதே தேதி, ஊர், பேசுபவர் யார், பதிவு செய்பவர் யார் என்பதைக் குரலிலேயே சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்ன இதுதான் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடினம். பெரியவர்கள் யோசிக்கும் இடைவெளியைப் பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள். அந்த இடைவெளிக்குப் பிறகுதான் பெரும்பாலும் நல்ல செய்தி வருகிறது.

பெரியவர் பேசிய தமிழைத் 'திருத்தி' எழுதக் கூடாது என்பதும் எங்கள் விதி. நாஞ்சில் நாட்டுப் பேச்சும் நெய்யாற்றின்கரை மலையாளமும் கலந்த எங்கள் பேச்சைக் கேட்டு, பள்ளியில் சில பிள்ளைகள் கேலிக்கு ஆளாவதுண்டு. தமிழ் வகுப்பில் மலையாளம் கலக்கிறது என்பார்கள், மலையாள வகுப்பில் தமிழ் வாடை அடிக்கிறது என்பார்கள். ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்க்கும்போது பேசியது பேசியபடி ஒரு பத்தி. அதன் கீழே பொதுத் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. மூன்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்ய வேண்டும், அப்போதுதான் பின்னாளில் தேட முடியும். இதைச் செய்யும் பிள்ளைக்குத் தன் பாட்டியின் பேச்சு பதிவு செய்யத்தக்க பேச்சு என்று புரிந்துவிடுகிறது. இந்த ஒரு பயனுக்காக மட்டுமே கூட இந்த வேலையைச் செய்யலாம்.

இன்னொரு மாணவி தன் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஆதாரப் பத்திரத்தின் படத்தை எடுத்து வந்தாள். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள். எழுத்து தமிழ். ஆண்டு கொல்லம் 1110, மாசி மாதம். தொகை ரூபாயிலும் சக்கரத்திலும். அவளுடைய வீடு இருப்பது கேரளத்தில். பத்திரத்தில் வரும் நிலம் இருப்பது இன்றைய விளவங்கோடு பக்கத்தில். எழுதியபோது இரண்டும் ஒரே நாட்டில் இருந்தன. அவளுடைய முப்பாட்டனுக்கு நிலத்துக்குப் போக ஒரு தோட்டைத் தாண்டினால் போதுமாயிருந்தது. இன்று அந்த நிலத்தின் வரி ரசீது வேறு மாநில அரசின் பெயரில் வருகிறது.

ஒரே தாளில் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டதைப் பாருங்கள். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் பொது ஆண்டு வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கொல்லம் ஆண்டு ஆகஸ்டு நடுவில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை, அதாவது டிசம்பர் முடியும்வரை, 824-ஐத்தான் கூட்ட வேண்டும். மாசி மாதப் பத்திரம் ஆகையால் 1110-ஓடு 825, 1935. அதுவே ஐப்பசியாக இருந்திருந்தால் 1934. எல்லை பிறந்த 1956 நவம்பர் 1, கொல்லம் 1132 ஐப்பசி. இந்தக் கணக்குத் தெரியாமல் ஊர் வரலாறு எழுதினால் ஒரு வருடம் தள்ளிப்போகும். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பதையும், நான்கு எல்லைகளைச் சொல்லி நிலத்தை அடையாளப்படுத்தும் முறையையும் அவள் அதே தாளிலிருந்து கற்றாள். பிறகு அந்த நான்கு எல்லைகளில் இன்று கண்டுபிடிக்க முடிந்தவற்றைத் திறந்த வரைபடம் ஒன்றில் குறித்தாள். ஒரு மதியப்பொழுதில் கணக்கும் புவியியலும் பழைய தமிழ்க் கையெழுத்தும் வரலாறும் சேர்ந்து வந்துவிட்டன.

படம் எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். மடங்கிய தாளை விரிக்க அவசரப்படக் கூடாது. ஃபிளாஷ் போடாமல், சன்னல் வெளிச்சத்தில், ஓரங்கள் தெரியும்படி முன்பக்கமும் பின்பக்கமும் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு அளவுகோல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்ப வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். போன் தொலைந்தால் பதிவும் தொலைந்தது என்ற நிலை வரக் கூடாது. பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம்; பதிப்புரிமைச் சிக்கல் ஒரு பக்கம், பேசுபவரின் குரலை அது அமுக்கிவிடும் என்பது மறுபக்கம். எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுத வேண்டும். எழுத முடியாத படத்தைப் போடக் கூடாது. செயற்கைப் படங்களுக்கு எதிரான காவல் இந்த ஒரு விதியிலேயே இருக்கிறது.

குரலும் வீட்டுத் தாளும் கிடைத்தபின் பிள்ளைகள் நூல்களுக்குப் போகலாம். எங்கள் பகுதிக்கு அச்சுச் சான்றுகள் குறைவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷனின் முக்கிய நிலையங்களில் ஒன்று பாறசாலை. அந்தச் சங்கத்தின் சாமுவேல் மட்டீர் 1883-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் மக்கள் வாழ்க்கை பற்றிய நூலை இன்று இணையத்தில் முழுதாகப் படிக்கலாம். மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோயஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1906-இல் வந்த நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் கையேடு இருக்கிறது. பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் மூவரும் 1955-இல் தந்த மாநிலச் சீரமைப்பு ஆணைய அறிக்கை இருக்கிறது. எல்லை ஏன் இங்கே வந்தது என்ற வாதத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நேரடியாகவே படித்துப் பார்க்கலாம். மிஷனரி எழுதியதில் மிஷனரியின் கண் இருக்கும். திவான் அலுவலகம் எழுதியதில் அரசின் கண் இருக்கும். பாட்டாவின் குரலோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பிள்ளைக்கு அது தெரிகிறது.

இந்தச் சான்றுகள் எல்லையை எப்படி மதிக்காமல் கிடக்கின்றன என்பதும் வியப்பு. 1954-இல் துப்பாக்கி வெடித்த புதுக்கடைக்கு அருகிலேயே பார்த்திவசேகரபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் முன்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கி அங்கே கோயிலும், 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும் அமைத்தான். அதைச் சொல்லும் செப்பேடு திருவனந்தபுரம் ஹுசூர் அலுவலகத்தில் இருந்ததால் ஹுசூர் செப்பேடு என்றே பெயர் பெற்றது. கோயில் தமிழ்நாட்டில், செப்பேடு திருவனந்தபுரத்தில். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில், அதன் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். நெய்யாற்றின்கரையில் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையை 1910-இல் நாடு கடத்தியபோது அவரைக் கொண்டுபோய் விட்டது திருநெல்வேலியில். நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் அணையிலிருந்து விளவங்கோட்டு வயல்களுக்குப் போகிறது. 2004-இல் கேரளம் அந்தத் தண்ணீரை நிறுத்தியது முதல் வழக்கும் பேச்சுவார்த்தையுமாக இருக்கிறது. ஒரு பக்கத்துப் பள்ளி மட்டும் இவற்றில் எதையும் முழுதாகச் சொல்ல முடியாது.

உலகில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் இணையம் தவழ்ந்துகொண்டிருந்தபோதே, அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் அயர்ஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொண்டார்: வடக்கே பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளின், தெற்கே வர்ஜீனியாவின் அகஸ்டா. இரண்டிலும் கிடைத்த கடிதங்கள், நாட்குறிப்புகள், செய்தித்தாள்கள், மக்கள்தொகைக் கணக்கு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக வைத்து யாரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றினார்கள். யார் சரி என்று அந்தத் தளம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரே ஆண்டில் இந்த ஊர்க்காரர் என்ன எழுதினார், அந்த ஊர்க்காரர் என்ன எழுதினார் என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது. டிஜிட்டல் வரலாறு என்ற துறைக்கே வழிகாட்டிய பணிகளில் அது ஒன்று. நம் மொழியிலும் இந்த உழைப்புக்குச் சான்று இருக்கிறது. 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ஈழத்தமிழரின் 'நூலகம்' இணையத்தளம், அச்சு நூல்களில் தொடங்கி இன்று ஒலி, ஒளி, வாய்மொழி வரலாறு வரை ஆவணப்படுத்துகிறது. 'நூலகம்' பெரிய கட்டடத்தையோ பெரும் நிதியையோ நம்பித் தொடங்கப்படவில்லை.

எங்கள் எல்லைக்கு ஏற்ற முதல் கூட்டுப் பயிற்சி ஒன்று ஆண்டுதோறும் தானாகவே வருகிறது. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரகோயில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்டது என்பது ஐதீகம். முதல் இரவு குழித்துறையில். மறுநாள் களியக்காவிளையில் எல்லையைக் கடக்கும்போது இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செய்கிறார்கள். இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையில். அன்று குழித்துறைப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பக்கத்திலிருந்தும், பாறசாலைப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பக்கத்திலிருந்தும் பதிவு செய்யட்டும். வழியில் நிற்கும் வயதானவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும்: சின்ன வயதில் எங்கே நின்று பார்த்தீர்கள், அப்போது யார் கூட வந்தார்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது. இரண்டு தொகுப்பையும் ஒரே வரைபடத்தில், ஒரே காலவரிசையில் வைத்தால் போதும். தொடக்க மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இனிப்பான செய்திகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஊருட்டம்பலம் பள்ளியில் ஒரு பழைய பெஞ்சு இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் தலித் தலைவர் அய்யங்காளி, பஞ்சமி என்ற தலித் சிறுமியை அந்தப் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்தபோது ஆதிக்க சாதியினர் பள்ளியையே கொளுத்தினார்கள். தீயில் தப்பியது அந்தப் பெஞ்சு என்று பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1859 வரை இந்த மண்ணில்தான் நடந்தது. 1954-இன் கதையிலும் மொழியோடு சாதி கலந்திருக்கிறது. பிள்ளைகள் இதைக் கேட்கப் போனால் வீடுகளில் கசப்பு எழும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். கசப்பு ஏற்கெனவே இருக்கிறது. பதிவில் இல்லாத கசப்பு வதந்தியாக வளர்கிறது. தேதியோடும் சான்றோடும் பதிவான கசப்பைப் பற்றிப் பேசலாம், விவாதிக்கலாம், தாண்டியும் போகலாம்.

அதற்கு அனுமதி என்ற ஒழுக்கம் முக்கியம். பேசியவர் பதிவை முழுதாகத் திரும்பக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்தப் பகுதி போகாது. உயிரோடு இருக்கும் மூன்றாம் மனிதரைப் பற்றிய குற்றச்சாட்டு இணையத்துக்குப் போகாது. நூலகப் பிரதியில் மட்டும் இருக்கும். "இத எழுதாண்டாம் மக்ளே, நீ கேட்டா மட்டும் போதும்" என்று ஒரு பெரியவர் சொன்னால், பதிவை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். பிள்ளைகளின் முகமும் வீட்டு முகவரியும் பொதுவில் வராது. பதிவு செய்த எல்லாவற்றையும் அன்றே ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தை விடுவதுதான் இந்தத் தலைமுறைக்கு நாம் தரக்கூடிய பெரிய பயிற்சி.

பத்தாம் வகுப்புத் தேர்வு இருக்கும்போது இதற்கெல்லாம் நேரமேது என்று பெற்றோர் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்பில் தொடங்கினால் நேரம் இருக்கிறது. பிள்ளை ஏற்கெனவே போனில் மணிக்கணக்காகச் செலவிடுகிறது. அதில் வாரம் ஒரு மணி நேரத்தைத்தான் கேட்கிறேன். மலையாள வழியில் படிக்கும் பிள்ளைக்கு எதற்குத் தமிழ்ப் பதிவு என்று கேட்கிறார்கள். அவர்களுடைய ஆதாரப் பத்திரமும் பாட்டியின் பேச்சும் தமிழில் இருப்பதால்தான். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று சொல்கிறது. அரசுக்கு மனு எழுதத் தமிழ் செல்லும் என்றால், ஊர் வரலாறு எழுதவும் செல்ல வேண்டும்.

ஆகவே, என் கோரிக்கைகள் இவை. பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும் ஸ்கூல்விக்கியில், எல்லைப் பள்ளிகளின் பக்கங்களில் தமிழிலும் எழுதக் கைட் நிறுவனம் ஊக்கமும் பயிற்சியும் தர வேண்டும். லிட்டில் கைட்ஸ் முகாம்களில் தொகுப்பு மென்பொருளோடு, நேர்காணல் முறை, சான்றுக் குறிப்பு, அனுமதிப் படிவம் ஆகியவற்றுக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். சமூக அறிவியல் மேளாவில் வட்டார வரலாற்றுக்கு மதிப்பெண் போடும்போது, பிள்ளை தானே எடுத்த ஒலிப்பதிவுக்கும் உரிய இடம் தர வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்கும் பங்கு உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்துப் பிள்ளைகள் கல்வெட்டே படிக்கக் கற்றார்கள். அப்படிப்பட்ட மன்றங்களைக் களியக்காவிளை, கொல்லங்கோடு, புதுக்கடை, அருமனை பள்ளிகளிலும் வலுவாக்கி, எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றோடு இணைத்துவிட வேண்டும். ஊராட்சிகள் ஒரு நல்ல மைக்குக்கும் ஒரு வன்தட்டுக்கும் பணம் ஒதுக்கினால் போதும். பிரதிகளை வைக்க இடமும் இருக்கிறது. 1945-இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய சங்கத்தின் வழிவந்த ஊர் நூலகங்கள் எங்கள் கிராமங்களில் உயிரோடு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஊர்க் குரல்களுக்கு ஓர் அலமாரி வையுங்கள்.

2020-இல் கொரோனா முடக்கத்தின்போது இந்த எல்லையின் ஊடுவழிகள் அடைக்கப்பட்டன. அன்றாடம் நடந்து கடந்த பாதையின் நடுவில் தடுப்பைக் கண்டபோதுதான், இது எல்லை என்று பல பிள்ளைகளுக்கு முதன்முதலாக உறைத்தது. அந்தப் படங்கள் அவர்களுடைய பழைய போன்களிலேயே கிடக்கின்றன. அவையும் வரலாறுதான், இப்போதே தேதியிட்டு எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

2026 நவம்பர் 1-ஆம் தேதியோடு இந்த எல்லைக்கு எழுபது ஆண்டு நிறைகிறது. 1954-இல் பத்து வயதாக இருந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பத்திரம் இன்னும் சில காலம் பெட்டியில் இருக்கும், செப்பேடு இன்னும் ஆயிரம் ஆண்டு இருக்கும். இவர்கள் இருக்க மாட்டார்கள். எல்லையின் இரு புறத்து ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். பெரிய திட்டத்துக்கும் சுற்றறிக்கைக்கும் காத்திருக்காதீர்கள். இந்த மாதமே உங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பிள்ளைகளை ஒரு பெரியவரிடம் அனுப்புங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் ஒரு ஆசிரியரைத் தேடி அதே கேள்விகளைக் கொடுங்கள். இரண்டு பதிவுகளும் அருகருகே வந்து சேர்ந்த நாளில் எல்லையின் முழு வரலாறு எழுதப்படத் தொடங்கிவிடும்.